கூற்றாயினவாறு பதிகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் யாராவது படுத்த படுக்கையாக இருக்கும்போது இந்தப் பதிகத்தைத் தேடி எடுப்பவர்கள் நிறையப் பேர். அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து படிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். ஊர் மாறும், ஆள் மாறும், சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, என்னால் முடிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

இது யார் பாடியது, எந்தக் கோயில் பாட்டு?

பாடியவர் அப்பர் என்று நாம் அழைக்கும் திருநாவுக்கரசர். காலம் 7ஆம் நூற்றாண்டு. தேவாரத்தில் 4ஆம் திருமுறையின் முதல் பதிகம் இது. அவர் பாடியவற்றிலேயே முதலாவது என்பது மரபு. பண் கொல்லி. பாடல்கள் 10. பாடிய தலம் பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை. பக்கத்தில் ஓடுவது கெடிலம் ஆறு. சிவபெருமானின் வீரச்செயல்கள் நடந்ததாகச் சொல்லப்படும் எட்டு வீரட்டானங்களில் ஒன்று. முப்புரம் எரித்த இடம். பாட்டுக்குப் பாட்டு வரும் ‘அதிகைக் கெடில வீரட்டானத்துறை அம்மானே’ என்ற முடிவில் ஊர், ஆறு, கோயில் மூன்றும் வந்துவிடுகின்றன.

பின்னணிக் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

திருவாமூரில் பிறந்தவர். இயற்பெயர் மருள்நீக்கியார். பெற்றோர் இறந்துவிட்டார்கள். அக்கா திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்டுபோனார். தானும் உயிரை விடத் துணிந்த அக்கா, தம்பிக்காகத்தான் பிழைத்திருந்தார். தம்பி சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு பெரிய நிலைக்கு வந்தார். அங்கே கடுமையான வயிற்று வலி பிடித்தது. அக்காவுக்கு ஆள் அனுப்பினார். அந்த இடத்துக்கு வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். தம்பி இரவோடு இரவாக நடந்து வந்து அக்கா காலில் விழுந்தார். அவர் திருநீறு கொடுத்து, விடியுமுன் கோயிலைக் கூட்டி மெழுகப் போகும்போது கூடவே அழைத்துப் போனார். அங்கே பாடியது இந்தப் பதிகம்.

இதையெல்லாம் சொல்வது சேக்கிழாரின் பெரியபுராணம், 12ஆம் நூற்றாண்டு நூல். பதிகத்துக்கும் அதற்கும் ஏறக்குறைய 500 வருட இடைவெளி. பதிகம் தானாகச் சொல்வது எது, கதை சொல்வது எது என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல கேள்விகளுக்கு இந்தப் பிரிப்பு உதவும்.

சூலை என்றால் என்ன நோய்? அல்சரா, கல்லா?

குத்தி வாங்கும் வயிற்று வலிக்கு நம் பழைய மருத்துவம் வைத்த பெயர் சூலை. சூலத்தால் குத்துவது போன்ற வலி. இன்றைய பெயர் எது என்று பாட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது, அது தேவையும் இல்லை.

அதைவிட முக்கியமானது அவர் வலியைச் சொல்லும் விதம். ‘குடரோடு துடக்கி முடக்கியிட’: குடலோடு பிணைத்து ஆளையே மடக்கிப் போடுகிறது. ‘சுடுகின்றது சூலை’ என்கிறார் ஓரிடத்தில், ‘வலிக்கின்றது சூலை’ என்கிறார் இன்னோரிடத்தில். ‘பறித்துப் புரட்டி அறுத்து ஈர்த்திட’ என்கிறார். ‘கலக்கி மலக்கிட்டுக் கவர்ந்து தின்ன’ என்கிறார். வலி எப்படி இருக்கிறது, எரிகிறதா, இழுக்கிறதா, குத்துகிறதா என்று டாக்டர் கேட்டால் நாம் திணறுகிறோமே, அதற்கு இவரிடம் பதில் இருக்கிறது. வலியில் கிடப்பவர்கள் இந்த வரிகளைக் கேட்டதும் தலையாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் பாட்டை மட்டுமாவது புரியும்படி சொல்லுங்களேன்.

பாட்டு இது:

கூற்றாயின வாறு விலக்ககிலீர்
கொடுமைபல செய்தன நான்அறியேன்
ஏற்றாய்அடிக் கேஇர வும்பகலும்
பிரியாது வணங்குவன் எப்பொழுதும்
தோற்றாதென் வயிற்றின் அகம்படியே
குடரோடு துடக்கி முடக்கியிட
ஆற்றேன்அடி யேன்அதி கைக்கெடில
வீரட்டா னத்துறை அம்மானே.

இந்த நோய் எனக்கு யமனாகவே ஆகிவிட்டது, அதை நீங்கள் விலக்கவில்லை. நான் என்னென்ன கொடுமை செய்தேனோ, எனக்குத் தெரியவில்லை. எருதை ஊர்தியாக உடையவனே, உன் காலடியையே இரவும் பகலும் விடாமல் எப்போதும் வணங்குவேன். கண்ணுக்குத் தெரியாமல் என் வயிற்றுக்குள்ளேயே இருந்து, குடலோடு பிணைத்து, என்னை முடக்கிப் போடுகிறது. என்னால் பொறுக்க முடியவில்லை. அதிகை வீரட்டானத்தில் இருக்கும் அம்மானே.

‘ஏற்றாய்’ என்பதில்தான் பலர் தடுக்குவார்கள். ஏறு என்றால் எருது. ஏற்றாய் என்றால் எருதை உடையவனே. ‘தோற்றாது’ என்பது தோல்வி இல்லை, வெளியே தோன்றாமல் என்று பொருள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத வலி எவ்வளவு தனிமையானது என்பதை அந்த ஒரு சொல் பிடித்துவிடுகிறது.

வயிற்று வலிதானே? அதற்கு ஏன் யமனை இழுக்கிறார்?

கூற்று என்றால் யமன். உடலையும் உயிரையும் கூறு போடுகிறவன் என்று விளக்கம் சொல்வார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கடும் வலி வந்தவருக்கு இந்தக் கேள்வி எழாது. அந்த நேரத்தில் வலிக்கும் சாவுக்கும் நடுவே சுவர் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மார்க்கண்டேயனுக்காக யமனையே உதைத்தவர் சிவபெருமான். அவரிடம் போய், ‘இங்கே ஒரு யமன் என் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறான், நீங்கள் விலக்காமல் இருக்கிறீர்களே’ என்கிறார். முறையீட்டுக்குள் ஒரு நினைவூட்டல்.

‘கொடுமைபல செய்தன நான் அறியேன்’ என்றால், பாவம் செய்ததால்தான் நோய் வந்தது என்று ஒத்துக்கொள்கிறாரா?

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான். கேட்பவர்களில் பாதிப் பேர் நோயாளிகளே. ‘நான் என்ன பாவம் செய்தேன்’ என்ற கேள்வியைத்தான் அவர்கள் இப்படிக் கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளச் சில வருடம் ஆனது எனக்கு.

முற்பிறவியில் செய்த தீவினை எனக்குத் தெரியாது என்று பொருள் சொல்வது மரபு. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்போதும் வாக்கியம் முடிகிற இடத்தைப் பாருங்கள்: ‘நான் அறியேன்’. குற்றத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் பட்டியல் போடும் வேலையை அவர் செய்யவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். நான்காம் பாட்டில் ‘முன்னம் அடியேன் அறியாமையினான்’ என்று தன் பழைய அறியாமையைச் சொல்கிறார். அங்கேயும் அதற்காக இவ்வளவு வலி நியாயம் என்று அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்த வரியை எடுத்துக் காட்டி ‘பார், உன் வினை’ என்று படுத்திருப்பவரிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். அப்பர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை இன்னொருவர் மேல் வைக்க நமக்கு உரிமை இல்லை.

அப்படியானால் அந்த நோயைக் கொடுத்ததே சிவன்தான் என்கிறார்களே?

பெரியபுராணத்தில் அப்படி வருகிறது: சூலை கொடுத்து ஆட்கொள்வோம் என்று இறைவன் திலகவதியார் கனவில் சொல்கிறார். பதிகத்தில் ‘முனிந்தென்னை நலிந்து முடக்கியிட’ (கோபித்து என்னை வருத்தி முடக்கிப் போட) என்று ஒரு குறிப்பு இருக்கிறது, அவ்வளவுதான். முழு வாழ்க்கையையும் பின்னால் திரும்பிப் பார்த்து, அந்த வலி ஒரு வாசலாக இருந்தது என்று சொல்வது கதையின் வேலை. வலிக்குள் இருப்பவர் அப்படிப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. பதிகத்தில் அப்பரே அப்படிப் பேசவில்லை.

சாமியிடம் இப்படிச் சண்டை போடலாமா? படிக்கவே பயமாக இருக்கிறது.

போட்டிருக்கிறார், அதைத் திருமுறையில் வைத்துக் கோயிலில் பாடுகிறோம். இதைவிட என்ன அனுமதி வேண்டும்? நான்காம் பாட்டில் ‘தன்னை அடைந்தார் வினை தீர்ப்பதன்றோ தலையாயவர் தங்கடன் ஆவதுதான்’ என்கிறார். உன்னிடம் வந்து சேர்ந்தவன் துன்பத்தைத் தீர்ப்பது பெரியவனான உன் கடமை என்று நேராகவே சொல்கிறார். இதே மனிதர்தான் வேறொரு பதிகத்தில் ‘தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே’ என்று பாடினார். இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். முதல் பாதியில் கடவுளுக்கும் ஒரு கடன் இருக்கிறது.

ஒன்பதாம் பாட்டு இன்னும் காரம்: ‘என்போலிகள் உம்மை இனித் தெளியார் அடியார் படுவது இதுவேயாகில்’. உன் அடியார் படும் பாடு இதுதான் என்றால், என்னைப் போன்றவர்கள் இனி உன்னை நம்ப மாட்டார்கள். அடுத்து வரும் ‘அன்பே அமையும்’ என்ற இரண்டு சொற்களை எப்படி எடுப்பது என்பதில் இடம் இருக்கிறது. உன் அன்பு ஒன்றே எனக்குப் போதும் என்று பணிவாகவும் வாசிக்கலாம். போதுமப்பா உன் அன்பு என்று மனம் நொந்தும் வாசிக்கலாம். என் காதுக்கு இரண்டும் சேர்ந்தே கேட்கிறது.

இதில் ஆறுதல் எங்கே இருக்கிறது? முழுக்கப் புலம்பலாகத்தானே இருக்கிறது?

இரண்டாம் பாட்டின் கடைசியில் இரண்டு சொல் பாருங்கள்: ‘அஞ்சேலும் என்னீர்’. ‘பயப்படாதே’ என்றுகூட நீங்கள் சொல்லவில்லையே. வலியைத் துரத்துங்கள், மறைந்துபோகச் செய்யுங்கள் என்று கேட்டவர், அதுகூட இல்லாவிட்டாலும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்கிறார். இந்தப் பதிகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நோயாளி கேட்பது இரண்டு: நோய் தீர வேண்டும், பயப்படாதே என்று யாராவது சொல்ல வேண்டும். முதலாவது நம் கையில் இல்லாத நாளிலும் இரண்டாவது நம் கையில் இருக்கிறது.

அப்புறம், புலம்பலே ஆறுதல்தான், அதைக் கேட்க ஒருவர் இருக்கும்போது. பத்துப் பாட்டும் ‘அம்மானே’ என்ற விளியில்தான் போய் நிற்கின்றன. அதற்கு முன்னால் வரும் சொற்களைச் சேர்த்துப் பாருங்கள்: முதல் பாட்டில் ஆற்றேன், ஆறாவதில் அலந்தேன், ஏழாவதில் அயர்ந்தேன், எட்டாவதில் அலுத்தேன். பொறுக்க முடியவில்லை, கலங்கிவிட்டேன், சோர்ந்துவிட்டேன், அலுத்துவிட்டேன். அலுத்துப்போன பிறகும் அதே ஆளைத்தான் கூப்பிடுகிறார்.

ஐந்தாம் பாட்டு சுத்தமாகப் புரியவில்லை. கயம், கரை என்று ஏதோ வருகிறதே?

‘காத்தாள்பவர் காவல் இகழ்ந்தமையால், கரைநின்றவர் கண்டுகொள் என்றுசொல்லி, நீத்தாய கயம்புக நூக்கியிட, நிலைக்கொள்ளும் வழித்துறை ஒன்றறியேன்.’ காக்க வேண்டியவர்கள் காவலைக் கோட்டை விட்டார்கள். கரையில் நின்றவர்கள் ‘நீயே பார்த்துக்கொள்’ என்று சொல்லி ஆழமான நீருக்குள் தள்ளிவிட்டார்கள். கால் ஊன்ற ஒரு துறையும் எனக்குத் தெரியவில்லை. ‘நீத்தாய’ என்றால் நீந்தித்தான் ஆகவேண்டும் என்கிற ஆழம். ‘நூக்குதல்’ தள்ளுதல்.

காக்கத் தவறியவர் யார் என்று பெயர் சொல்லவில்லை. அவர் முன்பு இருந்த சமண மடத்துக்காரர்கள் என்று கொள்வாரும் உண்டு. நோயோடு பல மாதம் அலைந்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாத பாட்டு இது. என் அம்மா கடைசியாகப் படுத்திருந்த மாதங்களில், முதல் வாரம் வீடு கொள்ளாமல் வந்தவர்கள் நான்காம் வாரம் போனில் விசாரித்தார்கள், பிறகு அதுவும் இல்லை. ‘கரைநின்றவர்’ என்ற சொல்லின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. எட்டாம் பாட்டில் ‘சலித்தால் ஒருவர் துணை யாருமில்லை’ என்று வருவதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். நோயாளிக்கு மட்டுமல்ல, அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் அது பொருந்தும்.

சமணத்திலிருந்து அன்றைக்குத்தான் வந்தவர், ‘சலம்பூவொடு தூபம் மறந்தறியேன்’ என்று எப்படிச் சொல்லலாம்? பொய்யாகிவிடாதா?

நல்ல கேள்வி. ஆறாம் பாட்டு சொல்வது: நீரும் பூவும் தூபமும் கொண்டு வழிபட மறந்ததில்லை, தமிழோடு இசை பாட மறந்ததில்லை, நன்மையிலும் தீமையிலும் உன்னை மறந்ததில்லை, உன் பெயரை என் நாவு மறந்ததில்லை. கதையோடு பொருத்தினால் இடிக்கத்தான் செய்கிறது. முற்பிறவித் தொடர்பைச் சொல்கிறார் என்பது ஒரு பதில். உள்ளுக்குள் மறக்கவே இல்லை என்பது இன்னொரு பதில்.

எனக்குப் படுவது வேறு. கதையைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பதிகத்தை மட்டும் பார்த்தால், ‘முன்னம்’ ஒரு காலம், ‘பின்னை அடியேன் உமக்கு ஆளும் பட்டேன்’ என்று ஒரு காலம், இரண்டும் நான்காம் பாட்டிலேயே இருக்கின்றன. மூன்றாம் பாட்டில் ‘துணிந்தே உமக்கு ஆட்செய்து வாழலுற்றால் சுடுகின்றது சூலை’ என்கிறார். அதாவது தொண்டு செய்யத் தொடங்கிய பிறகும் வலி விடவில்லை. ஒரே விடியற்காலையில் பாடி முடித்து எழுந்து போனதாக இல்லாமல், வழிபட்டுக்கொண்டே வலியோடு வாழ்ந்த நாட்களின் குரலாக இது எனக்குக் கேட்கிறது. பக்திக்கு வந்தாயிற்று, இன்னும் ஏன் வலி என்று கேட்பவர்களுக்கு அவர் முன்னோடி.

இன்னொரு சின்னக் குறிப்பு: சமணரைத் திட்டி இந்தப் பத்துப் பாட்டில் ஒரு வரியும் இல்லை. அப்பர் வேறு இடங்களில் அந்தக் காலத்தை நினைத்து வருந்துகிறார். இங்கே நோயும் அவரும் அம்மானும் மட்டும்தான்.

ஓரிடத்தில் ‘நீர்’, ஓரிடத்தில் ‘நீ’. ஏன் மாறி மாறி வருகிறது?

முதல் பாட்டிலேயே ‘விலக்ககிலீர்’ என்று மரியாதையாகத் தொடங்கி ‘ஏற்றாய்’ என்று ஒருமைக்கு வந்துவிடுகிறார். தேவாரத்தில் இது வழக்கம்தான். அம்மாவை ‘நீங்கள்’ என்று கூப்பிடுகிற வீட்டுப் பிள்ளையும் வலி தாங்காதபோது ‘வாயேன்’ என்றுதான் கத்தும்.

இதைப் பாடினால் நோய் தீருமா? மருந்தை நிறுத்தலாமா?

மருந்தை நிறுத்தக் கூடாது. பதிகத்தில் மருந்தை விடச் சொல்லி ஒரு சொல்கூட இல்லை. ‘மருத்துவம் கைவிட்டது, பதிகம் காப்பாற்றியது’ என்று பேசுகிறார்கள். ஆனால் பெரியபுராணத்தில் சமண மடத்தில் அவருக்குச் செய்ததாக வருவதே மந்திரித்த நீரும் மயில்பீலித் தடவலும்தான், மருந்து இல்லை.

தீருமா என்பதற்கு: இதைப் பாடியதும் அப்பருக்கு வலி நின்றது, நாவுக்கரசு என்ற பெயர் கிடைத்தது என்கிறது பெரியபுராணம். அதை நம்புகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் பதிகத்துக்குள் வலி நின்றதாக ஒரு வரி இல்லை. சம்பந்தர் தம் பதிகங்களின் கடைசிப் பாட்டில் இதைப் பாடுவோருக்கு இன்ன பலன் என்று பெரும்பாலும் சொல்வார். இங்கே அப்படி எதுவும் இல்லை. பத்தாம் பாட்டு, மலையைத் தூக்க வந்த இராவணனை அடியில் நசுக்கிப் பிறகு அவனுக்கே அருள் செய்ததை நினைக்க மாட்டாயா என்று கேட்டு, ‘வேர்த்தும் புரண்டும் விழுந்தும் எழுந்தால் என் வேதனையான விலக்கியிடாய்’ என்று வேர்வையும் புரளலுமாகவே முடிகிறது. தீர்ந்த பிறகு எழுதிய நன்றிப் பாட்டாக இருந்திருந்தால், தீராதவர்கள் இதைக் கையில் எடுத்திருக்க மாட்டார்கள்.

கடைசிக் கட்டத்தில் இருப்பவர் பக்கத்தில் இதைப் பாடலாமா? வேறு ஏதாவது சொல்லுங்கள்.

வலி அதிகம் இருந்து, அவர் பேச நினைத்தும் முடியாமல் இருந்தால் இதுவே நல்லது. அவருக்காக நீங்கள் பேசுகிறீர்கள். பத்துப் பாட்டையும் பாட வேண்டியதில்லை. முதல் பாட்டும் ஆறாம் பாட்டும் போதும். கொல்லிப் பண் தெரியவில்லை என்றால் மெதுவாக வாசியுங்கள்.

வலி அடங்கி அமைதியாகக் கிடப்பவருக்கு வேறு எடுங்கள். அப்பரே பாடிய ‘மாசில் வீணையும் மாலை மதியமும்’ இருக்கிறது. இறைவன் காலடி நிழல் எப்படி இருக்கும் என்று குளிர்ச்சியான பொருள்களாகவே அடுக்கிச் செல்லும் பாட்டு. ‘நற்றுணையாவது நமச்சிவாயவே’ என்ற ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் சரி.

அப்பாவுக்கு நினைவே தப்பிவிட்டது. இப்போது சொல்லி என்ன பயன்? கடைசி நேரத்தில் கடவுளை நினைக்காமல் போனால்?

இந்தப் பயம் நமக்கு முன்பே பெரியவர்களுக்கு இருந்திருக்கிறது. பெரியாழ்வார் திருவரங்கப் பெருமாளிடம் சொல்கிறார்: ‘எய்ப்பு என்னை வந்து நலியும்போது அங்கு ஏதும் நான் உன்னை நினைக்க மாட்டேன், அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்’. தளர்ச்சி வந்து வாட்டும்போது என்னால் நினைக்க முடியாது, அதனால் இப்போதே சொல்லிவிட்டேன், கணக்கில் வைத்துக்கொள்.

அப்பரும் கடைசியில் திருப்புகலூரில் அதையே சொன்னார். உடம்புக்கு ‘ஒன்பது வாசல் வைத்தாய், ஒக்க அடைக்கும்போது உணரமாட்டேன்’. ஒன்பது வாசலையும் நீ சேர்த்து அடைக்கும்போது எனக்குத் தெரியாது. ‘புண்ணியா உன்னடிக்கே போதுகின்றேன்’, ஆகவே இப்போதே உன்னிடம் வருகிறேன். உங்கள் அப்பா நல்ல நினைவோடு இருந்த நாட்களில் கும்பிட்ட கும்பிடு எங்கேயும் போய்விடவில்லை.

தினமும் பாடினோம். ஆனாலும் அவர் போய்விட்டார். எங்களுக்குப் பக்தி பத்தவில்லையா?

இல்லை. மேலே நோய் தீருமா என்ற கேள்விக்குச் சொன்னதை ஒரு முறை திரும்பப் படியுங்கள். பதிகம் உங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை, அதனால் நீங்கள் எதிலும் தவறவில்லை. சூலை தீர்ந்த அப்பரும் 81 வயதில் புகலூரில் இறைவனடி சேர்ந்தார் என்கிறது மரபு. சித்திரைச் சதயத்தில் குருபூசை செய்கிறோம். தீர்ந்த நோயும் ஒரு நாள்வரைக்கும்தான்.

குடல் சுருண்டு ‘ஆற்றேன்’ என்று அழுத அதே வாய்தான், பல்லவ மன்னன் ஆள் அனுப்பியபோது ‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்’ என்று பாடியது. அதில் ‘பிணியறியோம்’ என்றும் வருகிறது. பிணி என்னவென்று அவரைவிட அறிந்தவர் யார்? யமன் வயிற்றுக்குள் இருக்கிறான் என்று கதறியவர் யமனுக்கு அஞ்ச மாட்டோம் என்று சொல்லும் இடத்துக்கு வர எத்தனை வருடம் ஆனதோ. நீங்கள் இப்போது முதல் பாட்டில் இருக்கிறீர்கள். அதிலேயே இருங்கள், அவசரமில்லை. அழுகை வந்தால் ‘அம்மானே’ வரைக்கும் பாடிவிட்டு அழுங்கள்.